மாநில மாநாட்டுப் பிரதிநிதி: அறிக்கை, திருத்தம், வாக்குச்சீட்டு

வைப்பாறு:
சிபிஎம் மாநில மாநாடு 3 வருஷத்துக்கு ஒருமுறை. 24ஆவது மாநாடு 2025 ஜனவரி 3 முதல் 5 வரை விழுப்புரத்தில் நடந்தது. அடுத்த சுற்றுக் கிளை மாநாடுகள் ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் உட்கார்ந்து எழுத நேரமிருக்காது, அதனால் இப்போதே கேட்டு வைக்கிறேன். முதல் தடவை பிரதிநிதியாகப் போகிற ஒரு கிளைச் செயலாளருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வாழ்த்தெல்லாம் வேண்டாம் தோழர்களே, வேலைக்கு ஆகிற விஷயமாகச் சொல்லுங்கள்.

மினிட்ஸ்புக்:
பாதையிலிருந்து தொடங்குவோம். கிளை மாநாட்டில் கிளை உறுப்பினர்கள் எல்லோரும் உட்காருவார்கள். அங்கே தேர்வாகிறவர்கள் இடைக்கமிட்டி மாநாட்டுக்குப் போவார்கள். இடைக்கமிட்டி என்பது உங்கள் ஊரில் ஒன்றியக்குழு, நகரக்குழு, பகுதிக்குழு என்று எந்தப் பெயரிலும் இருக்கும். அங்கிருந்து மாவட்ட மாநாடு. மாநில மாநாட்டுப் பிரதிநிதிகளை மாவட்ட மாநாடுதான் தேர்ந்தெடுக்கும். எந்த மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்பதை உறுப்பினர் எண்ணிக்கையையும் வெகுஜன அமைப்புகளின் பலத்தையும் பார்த்து மேல்கமிட்டி முன்பே சொல்லிவிடும்.

கேண்டிடேட் உறுப்பினரை, அதாவது தகுதிகாண் காலத்தில் இருப்பவரை, பிரதிநிதியாக அனுப்ப முடியாது. தேர்ந்தெடுக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் அவருக்கு உரிமை கிடையாது. ஓராண்டு முடிந்து முழு உறுப்பினராகியிருக்க வேண்டும். சிக்கல் வருகிற இடம் இதுதான்: நல்ல போராளி, இளைஞர் என்று உற்சாகத்தில் பெயரை முன்மொழிந்துவிடுவார்கள், உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தால் ஓராண்டுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும். முழு உறுப்பினராக இருப்பவரும் அந்த ஆண்டின் புதுப்பிப்பும் லெவியும் (வருமானத்தில் கட்சிக்குக் கட்டும் பங்கு) முடிந்திருக்கிறதா என்று மாவட்ட மாநாட்டுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைவேட்டி:
நான் உங்க கட்சி இல்ல, ஆனா ஒரு சந்தேகம். மாநாடுன்னா எங்க பக்கம் பந்தல், கட்அவுட், லட்சம் நாற்காலி. நீங்க என்னமோ பதிவேடு, லெவின்னு பேசுறீங்க?

மினிட்ஸ்புக்:
சொல் ஒன்று, பொருள் வேறு அண்ணே. 2024 ஜனவரியில் சேலத்தில் உங்கள் திமுக இளைஞரணி மாநாடு நடந்தது, அதே ஆண்டு அக்டோபரில் விக்கிரவாண்டியில் தவெக மாநாடு. இரண்டுமே பெருந்திரள் கூட்டம். உங்களுக்கு முடிவெடுக்கிற இடம் பொதுக்குழு. இங்கே மாநாடே முடிவெடுக்கும் இடம். மூன்று நாளில் பெரும்பகுதி கதவடைத்த மண்டபத்துக்குள் நடக்கும். செந்தொண்டர் அணிவகுப்பும் பொதுக்கூட்டமும்தான் வெளியே தெரியும். தொலைக்காட்சியில் அதை மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

தறிச்சத்தம்:
நான் உருப்படியா ஒண்ணு சொல்றேன். பதிவு மேசைக்குப் போன உடனே ஒரு படிவம் தருவாங்க. தகுதி ஆய்வுக்குழுவோட படிவம். வயசு, படிப்பு, தொழில், கட்சியில சேர்ந்த வருஷம், எந்த அரங்கத்துல (தொழிற்சங்கம், விவசாயி, வாலிபர் மாதிரி) வேலை, மாத வருமானம், லெவி, சிறைவாசம், தலைமறைவு வாழ்க்கை, இப்படி இருக்கும். எல்லாரும் வாசல்ல நின்னுக்கிட்டே முழங்கால்ல வச்சு எழுதுறது. அங்கதான் தப்பு வரும்.

கட்சியில சேர்ந்த வருஷம்னா கட்சிதான். மாணவர் சங்கத்துலயோ வாலிபர் சங்கத்துலயோ சேர்ந்த வருஷம் இல்ல. இந்த ஒரு கட்டத்துல தப்பு எழுதுறவங்க ரொம்ப.

சிறைன்னா ரிமாண்ட் ஆகி உள்ள இருந்த நாள். மறியல் பண்ணி கல்யாண மண்டபத்துல உட்கார வச்சு, மத்தியானம் சாம்பார் சாதம் குடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டதெல்லாம் சிறை இல்ல தோழர். அதையும் கூட்டிப் போட்டா ஆய்வுக்குழு தலையில கை வச்சு உட்காரும். கடைசி நாள்ல மூத்த பிரதிநிதி யாரு, இளையவர் யாரு, அதிக நாள் சிறையில இருந்தவர் யாருன்னு மேடையில வாசிக்கிறது இந்தப் படிவத்தை வச்சுத்தான். தலைமறைவு கட்டத்துல பெரும்பாலான பேருக்கு ஒரு கோடு போதும்.

சேர்ந்த வருஷத்தையும் சிறை நாளையும் வீட்டுலயே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி படிவத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க.

வைப்பாறு:
பேச வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்? கை தூக்க வேண்டுமா, சீட்டு கொடுக்க வேண்டுமா?

மினிட்ஸ்புக்:
அதற்கு நிகழ்ச்சி வரிசை தெரிய வேண்டும். கொடியேற்றம், தியாகிகள் ஸ்தூபிக்கு அஞ்சலி, தலைமைக்குழுத் தேர்வு, அஞ்சலித் தீர்மானம், வரவேற்புரை, துவக்கவுரை, பிற கட்சித் தோழர்களின் வாழ்த்து. பிறகு மாநிலச் செயலாளர் அறிக்கையை முன்வைப்பார். (ஒரு குறிப்பு: மேடையில் இருந்து கூட்டத்தை நடத்துகிற தலைமைக்குழு வேறு, அரசியல் தலைமைக்குழு வேறு. பின்னது அகில இந்தியப் பொலிட்பீரோ. புதியவர்கள் இதில் தடுமாறுவது சகஜம்.)

அறிக்கை வைத்த பிறகு குழு விவாதம். ஒவ்வொரு மாவட்டப் பிரதிநிதிகளும் தனித்தனியாக உட்காருவார்கள். மண்டப மாடி, சாப்பாட்டுக்கூடம், பக்கத்துப் பள்ளி வகுப்பறை என்று இடம் எதுவாகவும் இருக்கும். உங்கள் மாவட்டம் சார்பில் யார் பேசுவது, எதைப் பேசுவது என்பது அங்கேதான் முடிவாகும். மைக் முன்னால் கை தூக்கி எதுவும் நடக்காது.

நேரக் கணக்கையும் பாருங்கள். சென்னை மூன்றாகவும் மதுரை, திருச்சி ஆகியவை மாநகர், புறநகர் என்றும் பிரிந்திருப்பதால் கட்சி மாவட்டங்கள் நாற்பதை ஒட்டி வரும். பொது விவாதத்துக்கு 8 மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். 480 நிமிடத்தை 40ஆல் வகுத்தால் மாவட்டத்துக்கு 12 நிமிடம். இரண்டு பேர் பேசினால் ஆளுக்கு 6. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் போகும். ஆக அறுநூறு சொல், கையெழுத்தில் மூன்று பக்கம். அதற்கு மேல் எழுதி வைத்திருந்தால் தலைமைக்குழுவின் மணிதான் உங்கள் கடைசிப் பத்தி.

செம்பருத்தி:
அந்த ஆறு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் விளிப்பிலேயே போய்விடுகிறது. மேடையில் இருப்பவர்கள் பெயர் முழுதும் சொல்லி, “போராட்டங்களின் பூமியான எங்கள் மாவட்டத்தின் சார்பில் செவ்வணக்கம்” என்று முடிப்பதற்குள் நேரம் முடிகிறது என்ற முதல் துண்டுச்சீட்டு வந்துவிடும். “தலைமைக்குழுத் தோழர்களே, பிரதிநிதித் தோழர்களே” போதும்.

இன்னொரு பெரிய தப்பு, உங்கள் மாவட்ட வேலை அறிக்கையை அங்கே மறுபடி வாசிப்பது. எத்தனை மறியல், எத்தனை பேர் கைது, எத்தனை தீக்கதிர் நாளிதழ் சந்தா என்பதெல்லாம் ஏற்கெனவே மாநிலக்குழுவுக்குப் போயிருக்கும், அறிக்கையின் பின்னிணைப்பிலும் இருக்கும். நீங்கள் பேச வேண்டியது அறிக்கையின் மீது. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, அதில் எது சரி, எது விடுபட்டிருக்கிறது, அதற்கு உங்கள் பகுதி அனுபவம் என்ன ஆதாரம் தருகிறது. பக்க எண் சொல்லித் தொடங்கினாலே மண்டபத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உங்களைக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம்.

குழு விவாதத்தில் பெண் தோழர்கள் “அவர் பேசட்டும், நான் எழுதித் தருகிறேன்” என்று ஒதுங்குவது இன்னும் இருக்கிறது. குழுத் தலைவர் முதலில் பேசாதவர்களைத்தான் கேட்க வேண்டும். அனுபவஸ்தர்களிடம் ஆரம்பித்தால் அரைமணி அவர்களோடு போய்விடும், பிறகு “நேரமில்லை தோழர்”.

வெளியாள்:
எல்லாம் சரி. ஆனால் அறிக்கை மேலிருந்து வருகிறது, பேனல், அதாவது புதிய கமிட்டிக்கான பெயர்ப் பட்டியல், அதுவும் மேலிருந்து வருகிறது. பிரதிநிதி மூன்று நாள் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை தூக்கிவிட்டு வருவதுதானே?

மினிட்ஸ்புக்:
கேள்வி நியாயமானது. அறிக்கையை வரைவது பழைய கமிட்டிதான், பேனலை வைப்பதும் அதுதான். ஆனால் அமைப்புச் சட்டத்தில் பிரதிநிதிக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் படியுங்கள். பேனலில் உள்ள எந்தப் பெயருக்கும் எந்தப் பிரதிநிதியும் ஆட்சேபம் சொல்லலாம். புதுப் பெயரை முன்மொழியலாம். முன்மொழியப்பட்டவர் விலகிக்கொள்ளலாம். அவர் விலகாவிட்டால் பேனலும் கூடுதல் பெயர்களும் சேர்ந்து ரகசிய வாக்கெடுப்புக்குப் போகும். கூடுதல் பெயர் இல்லாவிட்டால் மட்டுமே கை தூக்குவது.

2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாட்டில் இது நடந்தது. மத்தியக்குழுவுக்கு மகாராஷ்டிரத் தோழர் டி.எல்.கராத் பேனலுக்கு வெளியே நின்றார், வாக்கெடுப்பு நடந்தது, 31 வாக்கு பெற்றுத் தோற்றார். தோற்றதை வைத்து இது வெறும் சடங்கு என்று நீங்கள் சொல்லலாம். வாக்குப்பெட்டி வைத்தார்கள், எண்ணினார்கள், எண்ணிக்கை வெளியே வந்தது என்று நான் சொல்வேன். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

வெளியாள்:
பேனல் தோற்காது என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

மினிட்ஸ்புக்:
பெரும்பாலும் தோற்காது. பேனலுக்கு வெளியே ஒரு பெயரை எழுந்து சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதும் உண்மை. முன்கூட்டியே ஆள் பிடித்து வாக்குச் சேர்த்தால் கோஷ்டி வேலை என்று நடவடிக்கை வரும். ஆகவே எதிர்ப்பெயர் சொல்பவர் எப்போதும் தயாரிப்பில்லாமல்தான் நிற்பார். இது இந்த முறையின் குறை என்றே நினைக்கிறேன். ஆனால் கோஷ்டிகள் சீட்டு அடித்துக் கொடுக்கிற மாநாட்டை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தத் தடை ஏன் வந்தது என்று கேட்க மாட்டார்கள்.

தறிச்சத்தம்:
வாக்குச்சீட்டு எப்படின்னு சொல்லிடுங்க தோழர், பாதிப் பேருக்கு அது தெரியாது.

மினிட்ஸ்புக்:
80 இடம், 81 பெயர் என்று வையுங்கள். உங்களிடம் 80 வாக்கு. ஒரு பெயருக்கு ஒன்றுதான், ஒருவருக்கே குவிக்க முடியாது. 81ஐயும் டிக் செய்தால் சீட்டு செல்லாது. நடைமுறையில் நீங்கள் செய்வது ஒருவரை விடுவது. இடத்தைவிடக் குறைவாக டிக் செய்யலாமா, டிக்கா பெருக்கல் குறியா, அடித்தல் திருத்தல் இருந்தால் என்ன என்பதையெல்லாம் வாக்கெடுப்பு நடத்துபவர் மைக்கில் வாசிப்பார். அந்த ஐந்து நிமிடம் டீ குடிக்கப் போகிறவர்கள்தான் செல்லாத வாக்குப் போடுகிறவர்கள். இத்தனை பெயரையும் எண்ணி டிக் செய்யக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும். பத்துப் பத்தாகப் பென்சிலில் கோடு போட்டு எண்ணாதீர்கள், சீட்டில் வேறு எந்தக் குறியும் இருக்கக்கூடாது. விரலால் எண்ணுங்கள்.

மாநிலக்குழுவோடு கட்டுப்பாட்டுக்குழுவையும், அகில இந்திய மாநாட்டுப் பிரதிநிதிகளையும் இதே மாநாடுதான் தேர்ந்தெடுக்கும். செயலாளரைப் பிரதிநிதிகள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. புதிய மாநிலக்குழு அங்கேயே கூடித் தேர்வு செய்து வந்து அறிவிக்கும். விழுப்புரத்தில் தோழர் பெ.சண்முகம் அப்படித்தான் தேர்வானார். ஒருவர் மூன்று முழுத் தவணைக்கு மேல் செயலாளராக இருக்கக்கூடாது என்ற விதி 2012 கோழிக்கோடு மாநாட்டில் வந்தது, கிளையைத் தவிர எல்லா மட்டத்துக்கும் உண்டு. மாநிலச் செயலாளருக்கு நாலாவது தவணை என்றால் மாநிலக்குழுவில் நாலில் மூன்று பங்கு ஆதரவும் மத்தியக்குழு ஒப்புதலும் வேண்டும்.

செம்பருத்தி:
வெளியாளுக்கு என் பதில் வேறு. தேர்தலில்தான் அதிகாரம் இருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றம்தான். பிரதிநிதியின் கையில் உண்மையாக இருப்பது திருத்தம். எழுத்தில் கொடுத்த திருத்தத்தை ஏற்கிறோமா இல்லையா என்று பதில் சொல்லாமல் மேடை நகர முடியாது. பேச்சில் சொன்ன குறையை, விவாதத்துக்குப் பதிலாக வரும் தொகுப்புரையில் “சில தோழர்கள் சுட்டிக்காட்டினார்கள்” என்று ஒரே மூச்சில் தாண்டிவிடலாம்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு 2018 ஹைதராபாத் மாநாட்டைப் பாருங்கள். வரைவுத் தீர்மானத்தில் காங்கிரசோடு “புரிந்துணர்வோ தேர்தல் கூட்டணியோ இல்லாமல்” என்றிருந்தது “அரசியல் கூட்டணி இல்லாமல்” என்று மாறியது. அந்த ஒரு தொடருக்காக நாட்கணக்கில் விவாதம்.

மாநில அறிக்கைக்குத் திருத்தம் எழுதும் விதம்: அறிக்கையில் “வாலிபர் அரங்கில் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது” என்று ஒரு வரி இருக்கிறது, பின்னிணைப்பு அட்டவணையில் மூன்று ஆண்டு உறுப்பினர் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். “இது தவறு, மாற்ற வேண்டும்” என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்:

பக்கம் 34, பத்தி 3, வரி 2. இருப்பது: “முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது.” மாற்றுவது: “போராட்டங்களில் பங்கேற்பு கூடியபோதும் உறுப்பினர் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துள்ளது.” காரணம்: பின்னிணைப்பு அட்டவணை. பெயர், மாவட்டம், பிரதிநிதி எண், கையெழுத்து.

ஒரு தாளில் ஒரு திருத்தம்தான். ஐந்தை ஒரே தாளில் எழுதினால் முதலாவதைப் பதிந்துகொண்டு மற்றவை கிளிப்புக்கு அடியில் போய்விடும்.

வைப்பாறு:
அகில இந்திய வரைவுக்கு மாநில மாநாட்டிலேயே திருத்தம் கொடுக்கலாமா?

மினிட்ஸ்புக்:
தேதியைப் பொறுத்தது. வரைவு அரசியல் தீர்மானம் அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் வெளியாக வேண்டும். மதுரை மாநாடு ஏப்ரல் 2இல் தொடங்கியது, வரைவு பிப்ரவரி முதல் வாரம் வந்தது. விழுப்புரம் மாநாடு அதற்கும் முன்னால் முடிந்துவிட்டது. அதனால் அந்தச் சுற்றில் திருத்தங்கள் பிறகு மத்தியக்குழுவுக்கு நேராகப் போயின. பிரதிநிதியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிளை உறுப்பினரும் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

தறிச்சத்தம்:
தீர்மானங்களைப் பத்தி யாரும் சொல்லல. ஊர்ப் பிரச்சனைய மாநிலத் தீர்மானமாக்கணும்னா வீட்டுலயே எழுதி எடுத்துட்டுப் போயி முதல் நாளே மாநாட்டை வழிநடத்துற ஸ்டியரிங் கமிட்டிகிட்ட குடுத்துடணும். மூணாவது நாள் காலைல குடுத்தா வாங்கி வச்சுக்குவாங்க, அவ்வளவுதான். அரைப் பக்கம் போதும்.

யார்கிட்ட கேக்குறோம்னு தெளிவா இருக்கணும். “நூறு நாள் வேலையில் கூலியை உயர்த்த வேண்டும்” அப்படின்னா யாரு உயர்த்தணும்? எதுல இருந்து? 2024-25க்கு ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 319 ரூபா, 2025-26க்கு 336. செஞ்ச வேலைய அளவு எடுத்துக் கூலியைக் குறைச்சா அந்த முழுத் தொகை கைக்கு வராது. ஆக கோரிக்கை ரெண்டு. அறிவிச்ச கூலியக் குறைக்காம குடுக்கணும்னு மாநில நிர்வாகத்துகிட்ட, கூலி நிர்ணயமும் நிலுவையும் ஒன்றிய அரசுகிட்ட. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல குழப்புனா அடுத்த நாள் எந்த ஆபீஸ் முன்னாடி உட்கார்றதுன்னே தெரியாது. எழுதுற வருஷத்துல சட்டமும் தொகையும் என்ன நிலைமையில இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க, பழைய நோட்டீஸ்ல இருந்து காப்பி அடிக்காதீங்க.

கரைவேட்டி:
முல்லைப் பெரியாறு மாதிரி விஷயம்னா உங்க ஆளுங்க ரெண்டு பக்கமும் இருக்காங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?

செம்பருத்தி:
அங்கே உணர்ச்சிச் சொல் போட்டால் வேலைக்காகாது அண்ணே. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன தீர்ப்பைத் தொட்டு எழுதினால் நிற்கும். தேனி மாவட்டத் தோழர்களிடம் காட்டாமல் வேறு மாவட்டம் அதை எழுதக்கூடாது. தண்ணீர்த் தீர்மானத்தை அந்த நீரைக் குடிக்கிற மாவட்டம்தான் வரைய வேண்டும் என்பது என் கருத்து.

மினிட்ஸ்புக்:
வரவு செலவு அறிக்கையையும் பாருங்கள். அது பெரும்பாலும் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் வரும். மாவட்டத்தின் உறுப்பினர் எண்ணிக்கையை லெவி வரவோடு ஒப்பிடுங்கள். உறுப்பினர் கூடி லெவி கூடாமல் இருந்தால், ஒன்று வருமானத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள், அல்லது எண்ணிக்கை காகிதத்தில் இருக்கிறது. இதைக் கேட்பது யாரையும் குற்றம் சாட்டுவதாகாது. கேட்காவிட்டால் அடுத்த மாநாட்டிலும் அதே அட்டவணை வரும்.

தறிச்சத்தம்:
மூட்டை முடிச்சு: போர்வை, துண்டு, ரெண்டு செட் துணி, தனக்குன்னு மாத்திரை, ரெண்டு பேனா, நீளமான ஒயர் உள்ள சார்ஜர். தங்குறது மண்டபமா இருந்தா நூத்துக்கணக்கான பேருக்குக் குளியலறை பத்தாது, காலைல அஞ்சு மணிக்கு முன்னாடி எந்திரிச்சவன் குளிச்சான். பேட்ஜைக் கழட்டி அறையில வச்சுட்டு வராதீங்க. வாசல்ல நிக்கிற தொண்டருக்கு உங்க மூஞ்சி தெரியாது, தெரிஞ்சாலும் விடக்கூடாது. பிரதிநிதிக்கும் பார்வையாளருக்கும் பேட்ஜ் வேற, பார்வையாளருக்கு வாக்கு இல்ல.

வைப்பாறு:
அறிக்கையைப் படம் எடுத்துக் கிளை வாட்ஸப்பில் போடலாமா?

மினிட்ஸ்புக்:
கூடாது. அறிக்கையின் ஸ்தாபனப் பகுதி, அதாவது கட்சி அமைப்பைப் பற்றிய பகுதி, உட்கட்சி ஆவணம். பிரதியில் எண் போட்டிருந்தால் முடிவில் திருப்பிக் கேட்பார்கள், உங்கள் எண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஓரத்தில் பேனாவால் கிறுக்காமல் தனி நோட்டில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுதான் கிளையில் ரிப்போர்ட் செய்ய உதவும். கிளையில் சொல்ல வேண்டியது: என்ன முடிவானது, எந்தத் திருத்தம் ஏற்கப்பட்டது, நம் கிளைக்கு என்ன வேலை. யார் யாரை எதிர்த்துப் பேசினார் என்பது வேண்டாம்.

வைப்பாறு:
ஏற்கப்படாத திருத்தத்தை?

செம்பருத்தி:
அதையும் சொல்லலாம், நிராகரித்த காரணத்தோடு. அந்தத் தாளின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் தோழர். மூன்று ஆண்டு கழித்து அதே பத்தி அதே வார்த்தையோடு வந்தால் பக்க எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.